சாவி இல்லாமல் பாடும் வண்டி

1

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உடனே ஒரு பெண்ணின் குரல் நான்கு ஸ்பீக்கரிலிருந்தும் பிரெஞ்சில் கேட்டது.

"அலோ? நவீன்? இருக்கியா? ஏன் பேச மாட்டேங்குற?"

நவீன் என் மகன், வயது பதினேழு. பாரிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தன் அறையில் அந்தப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நின்றது. என் வண்டியின் புளூடூத்துக்கு அவன் போன் ஏற்கெனவே பழக்கம். வண்டிக்கு உயிர் வந்ததும் அந்தப் பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டது. மேலே அவன் காதில் ஒன்றும் கேட்காது. கீழே அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வண்டிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியேறி ஓடினேன். ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு, மூட்டுவலி வேறு. கதவைத் தள்ளித் திறந்து கத்தினேன்.

"நவீன், உன் போன் கீழ வண்டில பேசுது! அந்தப் பொண்ணு கூப்ட்டுக்கினே இருக்குது, ஓடு!"

அவன் போனும் கையுமாக என்னைப் பார்த்தான். "மமான், கொஞ்சம் பொறுமையா இரு. திரும்பக் கூப்ட்டாப் போச்சு" என்றான். அவன் தமிழ் இப்போதெல்லாம் அவ்வளவுதான், இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். பிறகு அழுதுவிட்டேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஒரு போன் பேச்சு அறுந்ததற்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். புதுச்சேரியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை, ஒரு வெள்ளை மாருதி 800, அவ்வளவுதான். அந்த வண்டியில் இடது பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வடிவார். நைனா இடது பக்கம் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருப்பதுபோல் இருப்பார். ஆபத்து என்றால் அவர் கால்தான் வண்டியை நிறுத்தும்.

"பெரிய மார்க்கெட்ட ஒருவாட்டி சுத்தி வந்துட்டா லைசென்ஸ் கையில வந்த மாதிரிதான்" என்பார். மீன்கூடை, பூக்கூடை, மூட்டை தூக்குகிறவர்கள், நடுவில் படுத்திருக்கும் மாடு, எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்த ஆளுக்கு உலகத்தில் எந்த ரோடும் ரோடுதான். டாக்டர், வக்கீல், சாமியார் என்று டவுனில் பாதிப் பேர் அவர் காலை நம்பித்தான் ஓட்டக் கற்றார்கள். நானும்தான்.

பிறகு நான் சொல்தா வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்கு வந்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். என் இந்திய லைசென்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். திரும்ப முதலிலிருந்து படித்துப் பரீட்சை எழுதி, ஃபெயிலாகி, திரும்ப ஃபெயிலானேன். போனில் சொன்னபோது நைனா கொதித்துப்போனார். "என் பொண்ணு ஃபெயிலா? எவன் அவன் இன்ஸ்பெக்டரு? அவன எங்க மார்க்கெட்டாண்ட ஓட்டிக் காட்டச் சொல்லு!"

ஸ்கூலை மூடிய பிறகும் வண்டியை அவர் விற்கவில்லை. சாயந்தரம் ஆனால் அவரும் அம்மாவும் வாசலில் நிற்கும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நைனா பழக்கதோஷத்தில் இடது சீட். வண்டி ஓட்டவே தெரியாத அம்மா ஸ்டியரிங் சீட்டில், மடியில் டீ டம்ளரோடு. சாவியைப் பாதி திருப்பி டேப்பில் பாட்டுப் போடுவார்கள். கடல்காற்று ஜன்னல் வழியாக வரும். எங்கேயும் போகாமல் தினமும் ஒரு மணி நேரம் அந்த வண்டியில் இருவரும் இருப்பார்கள்.

அம்மா போன பிறகு நைனா வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்ற ஆரம்பித்தார். கண்ணில் நீர் அழுத்தம், ஓரப்பார்வை போய்விட்டது. மார்க்கெட் பக்கம் ஒரு பூக்கடையின் பந்தல்காலைச் சாய்த்துவிட்டார். இன்னொரு நாள் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் செல்வி அக்கா. குருசுக்குப்பத்துக்காரி, எங்கள் தெருவில் தினமும் மீன் விற்பவள், அம்மாவுக்குத் தோழி. "நீ வந்து அந்த சாவியப் புடுங்கு மல்லி. யாராவது செத்தாத்தான் நிறுத்துவாரு போல கீது" என்றாள்.

அம்மாவின் முதல் தெவசத்துக்குப் போனபோது கேட்டேவிட்டேன்.

நைனா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஊருக்கே ஓட்டக் கத்துக் குடுத்தவன் நான். என்கிட்டயே சாவி கேக்குற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "அப்ப பாட்டு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. அந்த ஒரு மணி நேரத்தையும் நான் பிடுங்குகிறேன் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

3

என் பிரான்ஸ் வண்டியும் பழசுதான். அதில் இருந்த பழைய செட்டைக் கழற்றிவிட்டு, போனிலிருந்து ஒயரில்லாமல் பாட்டு வரும்படி நவீன்தான் புது செட் போட்டுக் கொடுத்திருந்தான். அதையே நைனாவின் வண்டியிலும் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய டேப் ஏற்கெனவே கேசட்டுகளைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது.

தட்டாஞ்சாவடியில் பட்டறைகளுக்கு நடுவில் பாஷா பாய் என்று ஒருவர் கார் செட் மாட்டிக் கொடுக்கிறார். நான் ஓட்டினேன். நைனா இடது சீட்டில் இருந்தபடி தேவையில்லாத இடத்தில் எல்லாம் பிரேக்கை மிதித்து என் உயிரை வாங்கினார்.

பாய் டேஷ்போர்டிலிருந்து பழைய டேப்பை உருவி எடுத்தார். உள்ளிருந்து குடல் மாதிரி ஒயர்கள் தொங்கின. புது செட்டை மாட்டிவிட்டு, "சாவி குடும்மா, போட்டுப் பாக்கலாம்" என்றார்.

"சாவி இல்லாம பாடணும் பாய்."

"அதெப்பிடி? சாவி போட்டாத்தான் பாடும். எல்லா வண்டியும் அப்பிடித்தான்."

"சாவிய நான் எடுத்துக்கினு போறேன்."

பாய் நைனாவைப் பார்த்தார். அவரும் நைனாவிடம் ஓட்டக் கற்றவர்தான். நைனா எதிரே இருந்த டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செய்யலாம்மா. செவப்பு ஒயரு சாவிக்குப் போவுது. மஞ்ச ஒயரு நேரா பேட்டரிக்கு. ரெண்டயும் ஒண்ணா முறுக்கி வுட்டா சாவியே வாணாம், எப்பவும் உயிரோடயே இருக்கும். ஆனா பேட்டரி எறங்கிடும். வாரம் ஒரு வாட்டி சார்ஜ் போடணும்."

"அது நைனா போட்டுக்குவாரு."

அப்படியே செய்தார். நைனாவின் போனை அதோடு சேர்த்து வைத்தோம். போன் நிறையப் பழைய பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நைனா, வண்டில எந்தப் பொத்தானையும் தொடாத. அணைச்சிட்டா திரும்பப் போடத் தெரியாது. எப்பவும் ஆன்லயே இருக்கட்டும். போன்ல பாட்டத் தொட்டா தானா வண்டில வரும்."

அன்று சாயந்தரம் நான் அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தேன். நைனா போனைத் தொட்டார், வண்டி பாடியது. "ஒயரே இல்லாம எப்பிடிம்மா வருது?" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா போனதற்கப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நல்ல பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சாவி என் கைப்பையில் இருந்தது.

4

திரும்பி வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நைனா வண்டிக்குள் இருந்தார். "பாப்பா, உன் குரலு நாலு பக்கமும் வருது. உங்கம்மா சீட்ல நீ உக்காந்து பேசற மாதிரியே கீது" என்றார். எனக்கு அந்த வாரம் முழுக்க கால் தரையில் படவில்லை.

அடுத்த ஞாயிறு போனை எடுத்தார், பேசவில்லை. லைன் அறுந்துபோகவும் இல்லை. காக்கை கரைந்தது. ஒரு மொபெட் போனது. யாரோ வாளியை இழுத்தார்கள். எங்கள் தெருவின் சத்தம் அத்தனையும் துல்லியமாக வந்தது, நைனாவின் குரல் மட்டும் இல்லை. "நைனா, நைனா" என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். திரும்பவும் அதே காக்கை.

சாவியால் வந்த கோபம் என்று புரிந்துகொண்டேன். நைனாவின் கோபம் அப்படித்தான், கத்த மாட்டார், வாயை மூடிக்கொள்வார். அம்மாவோடு சண்டை என்றால் வீட்டில் சத்தமே இருக்காது. வாசலில் போனும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, நான் கெஞ்சுவதைக் கேட்டபடி பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் பேசினார். பேசினது இன்னும் மோசமாக இருந்தது.

"போன வாரம் கூப்ட்டுட்டு ஏம்மா பேசாம இருந்த? அலோ அலோன்னு கத்திக்கினே இருந்தேன்."

"நான்தான் நைனா கத்தினேன். நீதான் வாயே தொறக்கல."

அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. மறதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு திரும்ப மௌனம். சில வாரம் பேசுவார், பல வாரம் காக்கையும் மொபெட்டும்தான். பேசும்போதெல்லாம், நான்தான் பேசுவதில்லை என்று குறை சொல்வார். என் வீட்டுக்காரர், "வயசாச்சு மல்லி, ஏத்துக்க" என்றார். எதை ஏற்றுக்கொள்வது?

செல்வி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லாத்தான் கீறாரு. சாயந்தரம் ஆனா கார்ல குந்திக்கினு பாட்டு கேக்குறாரு. பகல்லகூட அப்பப்ப கார்லேர்ந்து ஏதோ நாடகம் ஓடுது. யாரோ பொம்பள அளுதுக்கினே கீறா" என்றாள். ஊரோடு நன்றாக இருக்கிறார், என்னிடம்தான் பேச மாட்டார். அதைக் கேட்டதும் வலி இரட்டிப்பானது. அந்த நாடகத்தை நான் காதில் வாங்கவே இல்லை.

ஒரு மாதமாவது கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டலாம் என்று விசாவுக்கு எழுதினேன். ஊர் விடுதலையானபோது என் வீட்டுக்காரரின் தாத்தா பிரெஞ்சுப் பிரஜையாக எழுதிக்கொண்டார், என் தாத்தா எழுதிக்கொள்ளவில்லை. ஒரே தெருவில் இரண்டு தேசம். அதனால் என் மகன் எந்தக் கேள்வியும் இல்லாமல் போய் வரலாம், என் அப்பா மட்டும் வரிசையில் நிற்க வேண்டும். நின்றார். திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். பேசுகிற வாரம் ஒன்றில் அதைச் சொன்னேன். "வீடு கீது, வண்டி கீது. இத வுட இன்னா ஆதாரம் வேணுமாம் அவனுங்களுக்கு?" என்றார். ஒரு கணம் பழைய நைனாவாக இருந்தார்.

எனக்கும் போக வழியில்லை. நான் பள்ளிக்கூடக் கந்தீனில் சமையல் வேலை பார்க்கிறேன். பள்ளி விடுமுறைக்குமுன் லீவு கிடையாது. அதனால் ஞாயிறுதோறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். "சாவிய அனுப்பிடறேன் நைனா, பேசு. நான் செஞ்சது தப்புன்னே வச்சிக்க, ஒரு வார்த்த பேசு. திட்டு. திட்டவாவது செய்." வாய்விட்டு அழுதேன். மகன் தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். அந்தப் பக்கம் காக்கை.

5

நைனா எனக்கு மிஸ்டு கால்தான் கொடுப்பார். ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார், நான் திரும்பக் கூப்பிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கம் மாறியதே இல்லை.

ஒரு நாள் காலை வேலைக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தினேன். மழை. இன்னும் இறங்கவில்லை. அவர் பெயர் வந்தது. ஒரு ரிங், இரண்டு, மூன்று. நிற்கவில்லை. எடுத்தேன்.

எங்கள் தெரு என் வண்டிக்குள் வந்தது. காக்கை. எங்கேயோ மோட்டார் பம்பு. தூரத்தில், "வஞ்சிரம், சங்கரா" என்று செல்வி அக்காவின் குரல்.

"நைனா?"

ஒன்றுமில்லை.

"நைனா, நீதான கூப்ட்ட? என்ன ஆச்சு? பேசு நைனா!"

ஒன்றுமில்லை. மிஸ்டு கால் கொடுக்கிற மனிதர் விடாமல் அடித்திருக்கிறார். "நைனா! நைனா!" என்று வண்டி அதிரக் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன்.

அப்போது கண்ணாடியில் யாரோ டொக்டொக்கென்று தட்டினார்கள். திடுக்கிட்டுத் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தேன். யாருமில்லை, மழைத்தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது. திரும்பவும் தட்டும் சத்தம். ஸ்பீக்கரில்.

"ஏய், யாரு உள்ள? கார்ல யாரு அளுவுறது?"

"செல்வி அக்கா!"

"அய்யய்யோ... மல்லியா? நீ எங்க கீற? உள்ள ஒருத்தரயும் காணமே!"

எனக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கியது. இத்தனை மாதமாக என் குரல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று விளங்கியது. ஜன்னலோரம் நைனாவின் நாற்காலி, அதற்கு அந்தப் பக்கம் சுவர், சுவரை ஒட்டி வண்டி, வண்டிக்குள் இரவும் பகலும் விழித்திருக்கும் அந்த செட். நான் கூப்பிடும்போதெல்லாம் என்னை அது வாங்கிக்கொண்டிருக்கிறது. நைனா காதில் வைத்திருந்தது வெறும் கட்டை. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் நான் கத்தியது தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டாலும், சுவருக்கு உள்ளே இருந்த அவருடைய வயதான காதுக்கு எட்டவில்லை. பேட்டரி இறங்கிப்போன வாரங்களில் மட்டும் நாங்கள் அப்பாவும் மகளுமாக இருந்திருக்கிறோம். தெரு கேட்ட நாடகத்தில் அழுதவள் நான்தான்.

"அக்கா, நான் பிரான்ஸ்லதான் இருக்கேன். போன் கார்ல பேசுது. நைனாவுக்கு என்னமோ ஆயிடுச்சி. உள்ள ஓடு அக்கா, உள்ள ஓடிப் பாரு!"

கூடை தரையில் விழும் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். "பெருசு! பெருசு!" பிறகு என்னிடம் கத்தினாள், "தாப்பா போட்டுக்கீது மல்லி!"

"பின்பக்கக் கதவு லேசுதான். ஆளக் கூப்ட்டு ஒடை!"

யார் யாரோ ஓடினார்கள். பிறகு வண்டிப்பக்கம் யாருமில்லை. அக்கா விட்டுவிட்டுப் போன கூடையைக் காக்கைகள் மொய்த்துக்கொண்டன. அவை சண்டை போட்டுக்கொண்டு மீனைக் கொத்தி இழுப்பதை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வேண்டாத சாமியில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூடத்துக்குள் என் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். எதிரிக்கும் வரக்கூடாது அந்த நிலைமை.

அக்கா ஓடிவரும் சத்தம். மூச்சிரைத்தாள்.

"கீறாரு மல்லி, உசுரோட கீறாரு! கூடத்துல வுழுந்து கெடக்குறாரு. இடுப்பாண்ட அடி, கால அசைக்க முடியல. போன் கையிலதான் கீது. பேசறாரு."

"என்ன சொல்றாரு அக்கா?"

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீ ஏம்மா இத்தினி நாளா பேசவே இல்லன்னு கேக்குறாரு."

பேச வேண்டிய அந்த நேரத்தில் உண்மையிலேயே என்னால் பேச முடியவில்லை. பிறகு எப்படியோ சொன்னேன்.

"பேசினேன்னு சொல்லு அக்கா. வாராவாரம் பேசினேன்னு சொல்லு. எல்லாம் வண்டில போய் வுழுந்துடுச்சின்னு சொல்லு."

அவள் வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று என்றாள். "'சரி, அளுவ வாணாம், வேலைக்கு நேரமாச்சு, போவச் சொல்லு'ன்றாரு."

6

கந்தீனுக்குள் போய் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மெதுவாக, "இப்போது பிரெஞ்சில் சொல்" என்றாள். முழுக் கதையையும் தமிழிலேயே சொல்லி முடித்திருந்தேன். பிரெஞ்சில் சொல்ல முயன்றபோது, அப்பா காருக்குள் விழுந்துவிட்டார் என்றுதான் வந்தது. அதற்குமேல் கேட்காமல் லீவு கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் நைனா கண்ணைத் திறந்ததும் சாவியை அவர் கையில் வைத்தேன். கையை மூடிக்கொண்டார். இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். பொத்திய கைக்குள் சாவி இருந்தது.

வீட்டுக்கு அழைத்துப்போக, அவரிடமே சாவியைக் கேட்டு வாங்கி, அந்த மாருதியைத்தான் கொண்டுபோனேன். இடது சீட்டில் அவரை மெதுவாக ஏற்றி வைத்தோம். பெரிய மார்க்கெட் பக்கம் வரும்போது ஒரு ஆட்டோ குறுக்கே பாய்ந்தது. நைனாவின் உடம்பு பழையபடி முன்னால் வந்தது, முட்டியைக் கையால் அழுத்தினார், கால் எழும்பவில்லை. நான் மிதித்தேன். வண்டி நின்றது. நைனா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிரேக் போடாமல் அந்த வண்டி நின்று அன்றுதான் பார்த்தேன். "பரவால்ல, நல்லாதான் நிறுத்தற" என்றார். எனக்கு ரோடு மங்கிப்போனது.

பாஷா பாய் வீட்டுக்கே வந்து ஒயர்களைப் பிரித்துவிட்டார். சிவப்பு சாவிக்கு, மஞ்சள் பேட்டரிக்கு. "இனிமே சாவி போட்டாத்தான் பாடும்" என்றார். செல்வி அக்காவுக்கு அறிமுகமான ஒரு அம்மாவைக் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தேன். மற்ற நேரம் நைனா தனிதான். வேறென்ன செய்ய முடியும்? விசாவுக்குத் திரும்ப எழுதினேன், திரும்ப மறுத்தார்கள். சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

7

இப்போது ஞாயிறுதோறும் பேசுகிறோம். எடுத்ததும் அவர் "கேக்குதா?" என்பார், நான் "கேக்குது நைனா" என்பேன். கேட்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. முதல் பத்து நிமிஷம் அதிலேயே போய்விடும்.

போன மாதம் செல்வி அக்கா வேறு விஷயமாகப் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நைனா பாயை வரவழைத்து அந்த இரண்டு ஒயர்களையும் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டாராம். செட் பழையபடி இரவும் பகலும் விழித்திருக்கிறதாம். வாராவாரம் பேட்டரிக்கு சார்ஜ் போடுவது இவள்தானாம். ஞாயிறு நான் கூப்பிடும் நேரத்துக்கு இவள் போய் செட்டை அணைத்துவிடுகிறாள், பேசி முடித்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்பது நைனாவின் உத்தரவு. வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளையும் முழுக்க இறக்கி வைத்திருக்கிறாராம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஞாயிறு எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"பட்டதெல்லாம் போதாதா நைனா? அந்தப் பாழாப்போன ஒயர எதுக்குத் திரும்பச் சேத்த? பாட்டு வேணும்னா சாவிதான் ஆணிலயே கீதே?"

"பாட்டுக்கு இல்ல பாப்பா."

"பின்ன?"

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் வந்தது. வாராவாரம் அந்த மௌனத்தைக் கேட்டுப் பழகியவள் நான். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கி வுழுந்து கெடந்தப்ப செல்வி செல்வின்னு எவ்ளோ நேரம் கத்தினேன் தெரியுமா? தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. சன்னலத் தாண்டி ஒருத்தருக்கும் கேக்கல. நீ கத்தினது தெருவுக்கே கேட்டுச்சி."

நான் ஜன்னலுக்குக் கீழே நின்ற என் வண்டியைப் பார்த்தேன்.

"மறுபடி வுழுந்தா உன்னத்தான் கூப்புடுவேன்" என்றார் நைனா. "எடுத்துக் கத்து."

"சரி நைனா" என்றேன்.